மஞ்சளில் சிவப்பு எழுத்து

டோலிடோ, ஓஹாயோ
4 பிப்ரவரி 2007

அன்புள்ள மார்லிஸ் அக்காவுக்கு,

தம்பி கேலன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? ஆர்லோ அத்தானின் கண் அதே அளவில் நிற்கிறதா, இன்னும் மங்கிவிட்டதா?

இந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ சிரிப்பாய், நானும் சிரிப்பேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். காகிதத்தில்தான் நம் இரண்டு பேருக்கும் மழுப்ப வராது. அதனால் எழுதிவிடுகிறேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டேன்.

எங்கள் கண்ணாடித் தொழிற்சாலையில் ஒருவர் ஓய்வு பெற்றார். மதிய விருந்து. திரும்பும்போது சிக்னலில் நின்றேன். பச்சை விழுந்தது. நின்றேன். மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. மூன்றாவது பச்சைக்கு ஒரு போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, "என்ன சார், உங்களுக்குப் பிடிச்ச கலர் வரலியா?" என்று கேட்டார். யார் மேலும் மோதவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் தினமும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ஊதச் சொன்னதில் 0.18 வந்தது. இந்த மாநிலத்தில் 0.17-ஐத் தாண்டினால் கணக்கே தனி. மூன்று நாள் ஜெயில், மூன்று நாள் பயிற்சி வகுப்பு, ஜூலை நடுப்பகுதி வரை லைசென்ஸ் முடக்கம். வேலைக்குப் போய்வர மட்டும் ஓட்டலாம். அதற்கும் என் நம்பர் பிளேட்டைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டியிருக்கிறார்கள். மஞ்சள் தகட்டில் சிவப்பு எழுத்து. குடித்து மாட்டியவன் வருகிறான் என்று ஊருக்கே தெரிய வேண்டுமாம். முந்தாநாள் வேலைக்குப் போகும் வழியில் மளிகைக் கடை வாசலைக் கடந்து போனபோது ஓர் அம்மாள் தன் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

திட்டி எழுது. திட்டாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் தம்பி,
கேலன்


எல்க் பே, விஸ்கான்சின்
11 பிப்ரவரி 2007

என் தம்பி கேலனுக்கு,

உன் கடிதத்தைக் கண்டு பதறித்தான் பிரித்தேன். நாங்கள் இருவரும் சுகம். அத்தானுக்குக் கண் அப்படியேதான் இருக்கிறது, வாய் மட்டும் நாளுக்கு நாள் கூர்மையாகிறது.

உன்னைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மூன்று நாள் உள்ளே வைத்தார்களா? இதற்கா? இந்த நாட்டிலேயே எங்கள் மாநிலம் ஒன்றில்தான் முதல் தடவை என்றால் அது குற்றமே இல்லை, தெரியுமா? கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தினால் ஒரு சீட்டு தருவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஜெயில் கிடையாது, குற்றப் பதிவு கிடையாது, கலர் தகடும் கிடையாது. பாலத்தைத் தாண்டி மின்னசோட்டாவுக்குப் போனால் கதை வேறு. அத்தானின் தம்பி அங்கே இரண்டாவது தடவை மாட்டி, W என்று தொடங்கும் நம்பர் பிளேட்டோடு சுற்றினான். அதை அங்கே எல்லோரும் விஸ்கி பிளேட் என்கிறார்கள். அரிசோனாவில் இருக்கும் சித்தி மகனைப் பத்து நாள் உள்ளே வைத்துவிட்டார்கள். அவனுக்கு அதுதான் முதல் தடவை.

அத்தானிடம் படித்துக் காட்டினேன். "ஒரே ஆளு, ஒரே பாட்டிலு. ஆனா எந்த ஊர்ல கவுந்தோம்ங்கிறதுதான் முக்கியம். இனிமே குடிக்கிறதுக்கு முன்னாடி மேப்பைப் பிரிச்சுப் பாத்துட்டுக் குடிக்கணும்" என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? பள்ளிக்கூடச் சமையலறையில் ஆறு பெண்கள் உருளைக்கிழங்கு உரிக்கிற இடத்தில் பேசாத சட்டமா? விடு, ஜூலை வந்தால் தீர்ந்தது. தலையைத் தொங்கப்போடாதே.

அன்புடன்,
மார்லிஸ்


டோலிடோ
25 பிப்ரவரி 2007

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ எழுதியதைப் படித்து நானும் சிரித்தேன். அரை மணி நேரம்தான். அதற்குள் ரோண்டா போன் செய்துவிட்டாள்.

விவாகரத்து ஆனதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் கெல்சி ஆறு வாரம் என்னோடு இருப்பாள் என்பது ஏற்பாடு. இந்த வருடம் கிடையாது என்கிறாள் ரோண்டா. "பத்து வயசுப் புள்ளைய அந்த மஞ்சள் பிளேட்டு வண்டியில ஏத்த மாட்டேன். நீ எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் போ" என்றாள். அவள் சொல்வது தப்பு என்று எனக்கே சொல்ல வரவில்லை.

கெஞ்சினேன், அக்கா. கடைசியில் ஒரு வழி சொன்னாள். கெல்சியை உன் வீட்டுக்கு அனுப்பலாம், சனி ஞாயிறு நான் பஸ் பிடித்து வந்து பார்த்துக்கொள்ளலாம். அவள் வாயால் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மார்லிஸ் அண்ணி வீடுன்னா கண்ணை மூடிக்கிட்டு அனுப்புவேன். உங்க குடும்பத்துல வண்டியை ஒழுங்கா ஓட்டுற ஒரே ஆளு அவங்கதான்." பிரிந்த பிறகும் அவள் உன்னை அண்ணி என்றுதான் சொல்கிறாள், கவனித்தாயா?

அத்தானால் ஓட்ட முடியாது. ஏரியிலிருந்து ஊருக்கு ஒன்பது மைல். பஸ் நிறுத்தம், நூலகம், ஆஸ்பத்திரி எதுவென்றாலும் நீதான் அவளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். உன்னால் முடியும்தானே? முடியாதென்றால் இந்தக் கோடை எனக்குப் பிள்ளை இல்லை. ஒரு கோடை விட்டுப்போனால் அடுத்ததும் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

உடனே எழுது.

கேலன்


எல்க் பே
2 ஏப்ரல் 2007

தம்பி கேலனுக்கு,

தாமதத்தைப் பொறுத்துக்கொள். இங்கே எல்லோருக்கும் காய்ச்சல், இப்போது தேவலை. நீ எப்படி இருக்கிறாய்?

ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. மீன் பிடிக்கப் பனி மேலே போட்டிருந்த குடிசையை அத்தானும் பக்கத்து வீட்டுக்காரரும் கரைக்கு இழுத்துவிட்டார்கள். கண் தெரியாதவர் கயிறு இழுக்க, காது கேளாதவர் "இடது, வலது" என்று கத்த, நான் கரையில் நின்று வேடிக்கை பார்த்தேன். பள்ளியில் புது அடுப்பு வந்திருக்கிறது. பழையதே நன்றாக இருந்தது.

கெல்சி விஷயம் பார்க்கலாம். இன்னும் நாள் இருக்கிறதே.

ரோண்டா நிஜமாகவே அப்படிச் சொன்னாளா? அதே வார்த்தையா?

மார்லிஸ்


டோலிடோ
10 ஏப்ரல் 2007

டியர் அத்தை,

நான் நல்லா இருக்கேன். நீங்களும் ஆர்லோ மாமாவும் உங்க நாய் பிஸ்கட்டும் நல்லா இருக்கீங்களா?

நான் கோடை லீவுக்கு உங்க வீட்டுக்கு வரலாம்னு அம்மா சொல்றாங்க, ஆனா நீங்க இன்னும் சரின்னு சொல்லலையாம். ப்ளீஸ் சரின்னு சொல்லுங்க. எனக்கு இப்ப நல்லா நீச்சல் தெரியும். பீன்ஸ் கூட சாப்பிடுவேன்.

அப்பா வண்டியில மஞ்சள் பிளேட் இருக்கு. என் ஃபிரெண்டு அது என்னன்னு கேட்டா. எங்க அப்பா டாக்ஸி ஓட்டுறாருன்னு சொல்லிட்டேன். அப்புறம் அப்பாகிட்ட சொன்னேன். அப்பா சிரிக்கலை. "பொய் வேண்டாம் கண்ணு, நான் செஞ்சது தப்பு, அது எல்லாருக்கும் தெரியணும்னு மாட்டியிருக்காங்க, உண்மையையே சொல்லு"ன்னு சொன்னாரு. அதனால உண்மையைச் சொல்லிட்டேன். அவ ஓகேன்னு சொல்லிட்டு மிட்டாய் குடுத்தா.

நிறைய முத்தம்,
கெல்சி


எல்க் பே
20 ஏப்ரல் 2007

அன்புத் தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். கெல்சியின் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு வராதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வரட்டும்.

ஆனால் முன்கூட்டியே சில விஷயம் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஏரிக்கரை வாடகை வீடுகளைச் சுத்தம் செய்யப் போகிறேன், அதனால் நினைத்த நேரத்தில் வண்டி எடுக்க முடியாது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஐந்தரை முதல் எட்டரை, மதியம் ஒன்றரை முதல் நாலரை. வியாழன் மட்டும் ஆறரை வரை. ஞாயிறு ஒன்பது முதல் பன்னிரண்டு. சனிக்கிழமை கிடையாது. அவள் வரும் பஸ் இந்த நேரத்துக்குள் வருகிற மாதிரி பார்த்து டிக்கெட் எடு. நாலே முக்காலுக்கு வரும் பஸ் வேண்டாம், நாலரைக்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும். சனிக்கிழமை நீ வந்தால் ஊரிலிருந்து யாரிடமாவது லிஃப்ட் கேட்டுக்கொள்.

மற்றபடி ஒரு குறையும் இல்லை. அவளுக்காக மாடியறைக்குச் சாயம் பூசுகிறேன்.

அன்புடன்,
மார்லிஸ்


டோலிடோ
29 ஏப்ரல் 2007

அக்கா,

நான் நலம். இந்தத் தடவை உன்னை விசாரிப்பதற்குத்தான் இந்தக் கடிதமே.

என் காரில் கண்ணாடிக்கு மேலே ஒரு தாளைச் செருகி வைத்திருக்கிறேன். நீதிமன்றம் கொடுத்தது. அதில் இப்படி இருக்கிறது: திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஆறு முதல் ஏழேகால், மாலை மூன்றரை முதல் நாலே முக்கால். மூன்று மாதமாக இந்தத் தாளோடு வாழ்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் அந்தத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீ எழுதியது இன்னொரு தாள்.

அக்கா, நீ கைக்கடிகாரம் கட்டி நான் பார்த்ததில்லை. "சாயங்காலம் வா" என்பாய், "சாப்பாட்டு நேரத்துக்கு வா" என்பாய். உன் கல்யாணத்துக்கே நாற்பது நிமிடம் தாமதமாக வந்தவள் நீ. நாலரைக்கும் நாலே முக்காலுக்கும் வித்தியாசம் பார்க்கிற ஆளை எனக்கு ஒருவனைத்தான் தெரியும். அவன் வண்டியில் மஞ்சள் பிளேட் இருக்கிறது.

நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று எழுது. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டுமானால் முட்டி போடுகிறேன். ஆனால் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் அதையும் எழுது. நான் உன்னிடம் ஒப்படைப்பது என் பெட்டியை இல்லை, என் பெண்ணை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்குக் கோபப்பட என்ன யோக்கியதை?

கேலன்


எல்க் பே
20 மே 2007

மச்சான் கேலனுக்கு,

ஆர்லோ எழுதுகிறேன். எழுத்து பெரிதாக இருக்கும், ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் வரும், மன்னிக்கவும். நீர் நலமாக இருக்கிறீர் என்று நினைக்கிறேன்.

பனிக்கட்டி உடைந்துவிட்டது. படகை இறக்கியாயிற்று. பிஸ்கட் ஒரு முள்ளம்பன்றியோடு சண்டை போட்டுத் தோற்றது.

உம் அக்கா நலமே. உமது கடிதத்தை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறாள். இரண்டு வாரமாக அதை வெளியே எடுக்கவும் இல்லை, தூரப் போடவும் இல்லை.

பதினோரு வருடத்துக்குப் பிறகு இந்த மாதம் நான் ஒரு நாள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அதை அவளே சொல்லட்டும். அவளை அவசரப்படுத்தாதீர். வருவாள்.

மீன் நன்றாக விழுகிறது.

ஆர்லோ பிரெக்கே


எல்க் பே
3 ஜூன் 2007

என் அன்புத் தம்பி கேலன்,

நீ நலமாக இருக்கிறாயா? நான் இன்றைக்குத்தான் கொஞ்சம் நலம்.

நீ சரியாகத்தான் புரிந்துகொண்டாய். போன நவம்பர், மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஊரே வேட்டைக்கான ஆரஞ்சுச் சட்டையில் திரிந்தது. பள்ளி முடிவதற்கு முன்பே சமையலறை வேலை முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு நாங்கள் ஆறு பேரும் சீக்கிரமாகவே போய் உட்கார்ந்தோம். பிராந்தியில் ஆரஞ்சும் சர்க்கரையும் நசுக்கிப்போட்டுத் தருவார்களே, அதில் நாலு குடித்தேன். மீன் வருவதற்கு முன்பே. சாயங்காலம் நாலு மணி, வெளிச்சம் நன்றாகவே இருந்தது. மாவட்டச் சாலைத் திருப்பத்தில் ஒரு வீட்டுக்காரர் சாலையோரம் நட்டிருந்த தபால் பெட்டியை அடியோடு சாய்த்துவிட்டேன்.

போலீஸ் வந்தது. யார் தெரியுமா? லைல், உன் வகுப்பில் படித்த அதே லைல். என்னைப் பார்த்து அவன்தான் சங்கடப்பட்டான். "ஒண்ணும் இல்லக்கா, இது வெறும் சீட்டுதான். எல்லாருக்கும் நடக்கறதுதான். மனசுல வெச்சுக்காதீங்க" என்றான். எனக்கு ஆறுதல் சொன்னான், கேலன். ஒன்பது மாதம் லைசென்ஸ் பறித்தார்கள், அதற்குப் பதில் மணி போட்ட தாள் ஒன்று உடனே கொடுத்தார்கள். அதில் தேவாலயத்துக்குக்கூட நேரம் இருக்கிறது. சமையலறைத் தோழிகள் திங்கட்கிழமை ஒரு குட்டித் தபால் பெட்டி வாங்கி அதற்கு ரிப்பன் கட்டிப் பரிசு கொடுத்தார்கள். நானும் சிரித்தேன். அத்தானைத் தவிர எல்லோரும் சிரித்தோம்.

இதை யாரிடமும் சொல்லவில்லை, இப்போது உன்னிடம் சொல்கிறேன். அந்தத் தபால் பெட்டி இருந்த இடம்தான் பள்ளிப் பேருந்து நிற்கும் இடம். மூன்று பிள்ளைகள் அங்கே இறங்குவார்கள். நான் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் இறங்கி வீட்டுக்குள் போயிருக்கிறார்கள். கடைக்குட்டி பெயர் மேசன். ஷூ லேஸைக் கட்டத் தெரியாமல் பாதி நாள் அந்தப் பெட்டி மேலே சாய்ந்துகொண்டு நிற்பான். அன்று மதியம் அவனுக்கு நான்தான் தட்டில் சாப்பாடு வைத்தேன். இரண்டாவது தடவை உருளைக்கிழங்கு கேட்டான், வைத்தேன்.

உனக்கு மூன்று நாள் ஜெயில் என்று நீ எழுதியபோது எனக்கு வந்தது என்ன தெரியுமா? பொறாமை. நீ செய்தது தப்பு என்று உன்னிடம் ஒருத்தராவது சொன்னார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் உனக்கு அந்தச் சிரிப்புக் கடிதம் எழுதினேன். எங்கள் ஊரில் இது ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று உனக்குச் சொல்லி நானே கேட்டுக்கொண்டேன்.

இன்னும் இருக்கிறது. இரண்டு தாளையும் ஒப்பிட்டு நீ எழுதிய கடிதம் வந்த அன்று எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு டம்ளர் ஊற்றிக் குடித்தேன். பிறகு கடைக்குப் போகச் சாவியை எடுத்தேன். எடுக்கும்போது என்ன செய்தேன் தெரியுமா? தாளைப் பார்த்தேன். வியாழன், ஐந்து மணி. நேரம் சரியாக இருக்கிறது, போகலாம் என்று நினைத்தேன். குடித்திருக்கிறேன் என்பது நினைவிலேயே வரவில்லை, மணி மட்டும்தான் நினைவில் இருந்தது.

வெளியே வந்தால் அத்தான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையும் ஸ்டியரிங் மேலே. "இறங்குங்க, உங்களுக்குக் கண்ணு தெரியாது" என்றேன். "உனக்கு மட்டும் தெரியுதா? வா, ஏறு. இன்னைக்கு நான் ஓட்டுறேன். குருடன் ஓட்டுனா என்ன, குடிச்சவ ஓட்டுனா என்ன? நானாவது ஹாரன் அடிச்சுக்கிட்டே போவேன்" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கதவை உள்ளே பூட்டிக்கொண்டார். இருட்டும் வரை அவர் இறங்கவில்லை. நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. இன்றோடு ஒரு மாதம். புதன்கிழமைதோறும் தேவாலய நிலவறையில் குடியை விட நினைப்பவர்கள் கூடும் கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரோடு போகிறேன்.

நேற்று ரோண்டாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். "யோசிக்கணும் அண்ணி" என்று வைத்துவிட்டாள்.

உன் கோடையைக் கெடுத்துவிட்டேன், தம்பி. மாடியறைக்குச் சாயம் பூசி முடித்துவிட்டேன். மஞ்சள் வேண்டாம் என்று நீலம் பூசினேன்.

மார்லிஸ்


டோலிடோ
12 ஜூன் 2007

என் அருமை அக்கா,

நான் நலம், நலம், மூன்றாவது தடவையும் நலம். நீ எழுதியதைக் காரில் உட்கார்ந்துதான் படித்தேன், வேலைக்கு ஐந்து நிமிடம் தாமதம். மேசன் இறங்கி வீட்டுக்குள் போய்விட்டான் என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. உனக்கு அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்தது யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

ரோண்டா நேற்று வந்தாள். நிஜமாகவே வந்தாள், சமையலறையில் உட்கார்ந்தாள், காபி கேட்டாள். போட்டுக் கொடுத்தேன். அவள் சொன்னது இதுதான்: "உங்க குடும்பத்துல ரெண்டு பேரைச் சேத்தாலும் ஒரு முழு லைசென்ஸ் தேறாது போலிருக்கு. ஆனா எங்கிட்ட மறைச்சிருக்கலாம், மறைக்கல. மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல, அந்த மாநிலத்துல பதிவுகூடக் கிடையாதாமே. தானா போன் பண்ணிச் சொன்ன ஆளு வீட்டுக்கு என் புள்ளையை அனுப்புவேன். ஆனா கார் கிடையாது. உங்க ரெண்டு பேர்ல யார் கையிலயும் ஸ்டியரிங் கிடையாது."

கார் கிடையாது, அவ்வளவுதான், அக்கா! பிள்ளை உண்டு!

ஜூலையில் எங்கள் தொழிற்சாலை இரண்டு வாரம் மூடுகிறார்கள். ஆறு வாரம் இல்லை, இரண்டு வாரம்தான். ஆனால் நானும் கெல்சியும் சேர்ந்து வருகிறோம். சிகாகோ வரை ரயில், பிறகு பஸ். பஸ் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பெட்ரோல் பங்க் வாசலில் நிற்குமாம். அங்கிருந்து உன் வீட்டுக்கு ஒன்பது மைல் சாலை, ஆனால் தண்ணீரில் குறுக்கே வந்தால் அரை மைல்தானே? அத்தானுக்குப் படகு வலிக்கக் கண் எதற்கு? நீ முன்னால் உட்கார்ந்து இடது, வலது சொல்.

சந்தோஷத்தில் எழுத்து கோணலாக இருக்கிறது.

உன் தம்பி,
கேலன்


எல்க் பே
9 செப்டம்பர் 2007

அன்புத் தம்பி கேலனுக்கும் என் மருமகள் கெல்சிக்கும்,

நீங்கள் இருவரும் நலமா? நாங்கள் நலம், வீடுதான் வெறிச்சென்று இருக்கிறது. பிஸ்கட் தினமும் படகுத்துறை வரை போய் அக்கரையைப் பார்த்துவிட்டு வருகிறது. கெல்சி, நீ விட்டுப்போன நீலத் தொப்பியை மாமா போட்டுக்கொண்டு மீன் பிடிக்கிறார், கழற்ற மாட்டேன் என்கிறார்.

கேலன், உனக்குச் சாதாரண பிளேட் திரும்ப வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். படித்து நிம்மதியாக இருந்தது. எனக்கும் ஆகஸ்டில் லைசென்ஸ் முழுதாகத் திரும்பி வந்துவிட்டது. தபாலில் வந்தது, மின்சாரக் கட்டணச் சீட்டோடு சேர்த்து. அத்தானிடம் காட்டினேன். "சரி, இனி என்ன பண்ணப்போற?" என்றார்.

கெல்சி, ஊருக்குப் போகிற அன்று எனக்கு ஒன்று செய்து கொடுத்தாயே, படகில் வரும்போது நான் கேட்டதால். பழைய அட்டைப் பெட்டியை வெட்டி, மஞ்சள் பூசி, மாமாவின் தூண்டில் மிதவைச் சாயத்தால் சிவப்பில் என் வண்டி நம்பரை எழுதினாயே. அதை எடுத்து என் காரின் பின்கண்ணாடியில் வைத்திருக்கிறேன். எழுத்து ஒன்று சறுக்கிக் கீழே இறங்கியிருக்கிறது, ஆனால் தூரத்திலிருந்தே நன்றாகத் தெரிகிறது.

வியாழக்கிழமை லைல் என்னை நிறுத்தினான். வேகத்துக்கு இல்லை. தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, "என்னக்கா இது? ஓஹாயோக்காரங்க மாட்டுறது. நம்ம சட்டத்துல இதெல்லாம் கிடையாதே" என்றான்.

"தெரியும்டா. நீங்க யாரும் குடுக்கல, அதனால என் மருமகள்கிட்ட கேட்டு வாங்கினேன்" என்றேன்.

அவன் குனிந்து அந்த அட்டையைப் படித்துப் பார்த்தான். பிறகு, "அன்னைக்கு நான் உங்ககிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா" என்றான். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது.

பள்ளி திறந்துவிட்டது. சமையலறையில் அந்தக் குட்டித் தபால் பெட்டியை ஒருத்தி மறுபடி அலமாரியில் எடுத்து வைத்தாள். நான் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

நேற்று முன்தினம் சாயங்காலம் திருப்பத்துக்கு வந்தபோது பள்ளிப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. அங்கே புதுத் தபால் பெட்டி நட்டிருக்கிறார்கள். மேசன் கடைசியாக இறங்கினான், ஒரு லேஸ் தரையில் இழுபட. என் காரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "மார்லிஸ் ஆன்ட்டி, அந்த மஞ்சள் போர்டு எதுக்கு?" என்று கேட்டான்.

நானும் உண்மையையே சொன்னேன், கெல்சி. குடித்துவிட்டு ஓட்டி உங்கள் பழைய தபால் பெட்டியைச் சாய்த்தது நான்தான் என்று சொன்னேன். "அது எங்க அப்பா செஞ்ச பெட்டி" என்றான். "தெரியும், அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன், இப்ப உன்கிட்டயும் கேக்கறேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் காலை நீட்டினான். குனிந்து லேஸைக் கட்டிவிட்டேன், இரட்டை முடிச்சாக.

அவன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும் வரை நின்றேன். அப்புறம்தான் வண்டியை எடுத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரோண்டாவிடம் அண்ணி கேட்டதாகச் சொல்லுங்கள்.

எப்போதும் உங்கள்,
மார்லிஸ்